பம்பு ரூமை வெயில் காலத்தில் படம் எடுத்து வைத்தீர்களா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணை ஓரம் ஒரு சின்ன ஊராட்சிக்குத் தலைவராக இருக்கிறேன். பதவிக்கு வருவது இதுதான் முதல் முறை. 2024 டிசம்பர் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் இரண்டு பம்பு ரூம் மூழ்கி மோட்டார் வீணாகிவிட்டது. தெற்குத் தெருவுக்குப் போகிற ரோட்டை வெள்ளம் அறுத்துக்கொண்டு போனது, மறுநாள் காலையிலேயே ஜேசிபி வைத்து மூடிவிட்டோம். ஏரிக்கரையும் உடைந்தது. ஜெனரேட்டர், ஜேசிபி, சாப்பாடு என்று பொது நிதியிலிருந்து 2,80,000 ரூபாய் செலவழித்தோம். ஒரு பைசா திரும்பி வரவில்லை. இப்போது தணிக்கையில் அந்தச் செலவை ஏற்க முடியாது என்று தடை எழுதியிருக்கிறார்கள். ஏரிக்கரைக்காக இரண்டு ஆபீசுக்கும் நடுவில் அலைகிறேன். வீடு போனவர்களில் சிலருக்கு 10,000, சிலருக்கு 4,000 வந்தது. ஏன் இப்படி என்று ஊர் என்னைத்தான் கேட்கிறது. எங்களுக்கென்று பேரிடர் நிதி ஏதாவது உண்டா? இந்த ஐப்பசிக்கு முன்னால் நான் என்ன செய்ய வேண்டும்? — பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கும் ஊராட்சித் தலைவர்.

பதில்: தலைவர் அம்மாவுக்கு வணக்கம். நிதி உண்டா என்று கேட்டீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஊராட்சிக்கென்று தனியாகப் பேரிடர் நிதி கிடையாது. மாநிலத்துக்கு உண்டு. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு எல்லா மாநிலங்களுக்குமாக 1,60,153 கோடி ரூபாயை 15ஆவது நிதிக்குழு ஒதுக்கியது. நமக்கு அதில் 75 பங்கு ஒன்றிய அரசு போட வேண்டும், 25 பங்கு மாநிலம் போட வேண்டும். அந்தப் பணத்தை நூறு ரூபாயாக வைத்துக்கொண்டால் 40 ரூபாய் உடனடி நிவாரணத்துக்கு, 30 ரூபாய் இடிந்ததைத் திரும்பக் கட்ட, 10 ரூபாய் முன்னேற்பாட்டுக்கு, மீதி 20 ரூபாய் அடுத்த முறை சேதம் குறைகிற மாதிரி வேலை செய்ய. இந்தக் கடைசி 20 தனிக் கணக்கு. அதற்குப் பேரிடர் தணிப்பு நிதி என்று பெயர்.

இந்தப் பணம் எதுவும் உங்கள் ஊராட்சிக் கணக்கில் நேராக வந்து விழாது. சென்னையிலிருந்து ஆட்சியருக்கு வந்து, அங்கிருந்து துறை துறையாகப் பிரியும். உங்கள் பம்பு ரூமும் ரோடும் அதில் பங்கு பெற வேண்டுமானால், வெள்ளம் வடிந்த முதல் வாரத்தில் பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசிலிருந்து மாவட்டத்துக்குப் போகிற சேதப் பட்டியலில் இடம் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலைத் திரட்டித்தான் மாநில அரசு டெல்லிக்கு மனு எழுதுகிறது. அதில் இல்லாத சேதம் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நடக்காத சேதம்.

பட்டியலில் ஏறிவிட்டாலும் முழுத் தொகை வரும் என்று நம்பிவிடாதீர்கள். ஃபெஞ்சலுக்காக மாநிலம் கேட்டது 6,675 கோடி. மாநிலப் பேரிடர் நிதிக்கு வர வேண்டிய ஒன்றியப் பங்கான 944.80 கோடியை 2024 டிசம்பரில் விடுவித்தார்கள். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து 2025 ஏப்ரலில் கூடுதலாக ஒப்புக்கொண்டது 522.34 கோடி. 2018 கஜா புயலுக்கும் இதே கதைதான். கிட்டத்தட்ட 15,000 கோடி கேட்டோம், கிடைத்தது 1,146 கோடி. அரசியல் காரணங்களைப் பேச மேடைகள் இருக்கின்றன, நான் அதற்குள் போகவில்லை. ஆபீஸ் காரணம் ஒன்று இருக்கிறது, அது உங்களுக்குத் தெரிய வேண்டும். விதியின்படி இந்தப் பணம் நிவாரணம், இழப்பீடு அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை விலை போட்டு வைத்திருக்கிறார்கள். 2022–26 விதிகளில் இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, கறவை மாட்டுக்கு 37,500 என்று இருந்தது. 2015–20 விதிகளில் கிராமச் சாலைக்குக் கிலோமீட்டருக்கு 60,000 ரூபாய் இருந்தது. அந்தப் பணத்தில் பள்ளத்துக்கு கிராவல் அடிக்கலாம், ரோடு போட முடியாது. ரோட்டை வேறு திட்டத்தில்தான் வாங்க வேண்டும். அதற்கும் பட்டியலும் படமும்தான் ஆதாரம்.

நான் ஊரக வளர்ச்சித் துறையில் 31 வருடம் இருந்தவன். கஜா அடித்தபோது உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் இரண்டு வருடம் ஆகியிருந்தது. தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, அவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான். வெளி மாவட்டத்திலிருந்து சேதக் கணக்கெடுப்புக்குப் போனவர்களில் நானும் ஒருவன். பக்கத்துப் பக்கத்து ஊராட்சிகள் இரண்டில் ஒரே நாளில் கணக்கு எடுத்தேன். முதல் ஊரில் தெருவிளக்கு எத்தனை போச்சு என்று கேட்டேன். செயலர் தலையைச் சொறிந்துகொண்டு, “ஒரு நாற்பது அம்பது இருக்கும் சார்” என்றார். எந்தக் கம்பத்தில், என்ன பல்பு, எப்போது மாட்டியது என்பதற்கெல்லாம் பதில் இல்லை. பதிவேடு இருந்த பீரோவின் மேல் ஓடு விழுந்து, காகிதமெல்லாம் களியாகிக் கிடந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் வீட்டுக் கூரையே அன்றைக்கு இல்லை.

இரண்டாவது ஊரில் டேங்க் ஆபரேட்டர் ஒருவர் உரச் சாக்குக்குள் சுருட்டி வைத்திருந்த நாற்பது பக்க நோட்டை எடுத்து நீட்டினார். கம்ப எண் வாரியாக விளக்கு, மோட்டார் வாங்கிய தேதி, குதிரைத்திறன், ஸ்டார்ட்டர் கம்பெனி, எந்த மெக்கானிக் கடைசியாகக் கழற்றினார் என்பது வரை பென்சிலில் எழுதியிருந்தார். யாரும் எழுதச் சொல்லவில்லையாம். மெக்கானிக் ஏமாற்றுகிறாரோ என்ற சந்தேகத்தில் ஆரம்பித்தது என்றார். அந்த ஊரின் சேத அறிக்கையை அரை மணி நேரத்தில் முடித்தேன். முதல் ஊருக்கு “சுமார்” போட்டுத்தான் அனுப்ப முடிந்தது. மேலே இருப்பவர்கள் வெட்டுவது என்று வந்தால் முதலில் “சுமார்” மேல்தான் பேனா வைப்பார்கள்.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் முதல் வேலைக்குப் பணம் தேவையில்லை. இந்த மாதமே செயலரையும் ஆபரேட்டரையும் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றுங்கள். பம்பு ரூம், மேல்நிலைத் தொட்டி, கல்வெர்ட்டு, அங்கன்வாடி, சுடுகாட்டுக் கொட்டகை, குளத்துப் படித்துறை எல்லாவற்றையும் இடமும் தேதியும் விழுகிற கேமரா ஆப்பில் படம் எடுங்கள். உள்ளே மோட்டாரின் பெயர்ப் பலகை, பேனல் போர்டு, வயரிங் தெரிய வேண்டும். நன்றாக இருந்தபோது எடுத்த படம் இருந்தால்தான் கெட்டுப்போன பிறகு எடுக்கும் படத்துக்கு மதிப்பு. “இது முன்னாலேயே உடைஞ்சு கிடந்ததுதானே” என்று கேட்கும் இன்ஜினியரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். படங்களையும் சொத்துப் பதிவேடு, வீட்டு வரிப் பதிவேடு, தீர்மானப் புத்தகம் ஆகியவற்றின் ஸ்கேனையும் ஊராட்சி ஈமெயிலில் போட்டு வையுங்கள். பிடிஓ ஆபீசுக்கும் ஒரு பிரதி போகட்டும்.

இரண்டாவது, வெள்ளத்தின்போது நீங்கள் செய்த ஒரு தவறு. உங்கள் கடிதத்தில் ஒரு வரியாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. அறுந்த ரோட்டை மறுநாள் காலையிலேயே ஜேசிபி வைத்து மூடிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தெருக்காரர்கள் வெளியே வர வேண்டும், மூடித்தான் ஆக வேண்டும், சரி. ஆனால் மூடிய பிறகு பள்ளம் இருந்ததற்கு என்ன சாட்சி? ஓவர்சீயர் ஒரு வாரம் கழித்து வரும்போது அங்கே வண்டி போய்க்கொண்டிருக்கும். மூடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். டேப் பிடித்து நீளம், அகலம், ஆழம் அளந்து, டேப்போடு சேர்த்துப் படம் எடுத்து, ஒரு தாளில் எழுதி, வார்டு உறுப்பினரிடமும் விஏஓவிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஓவர்சீயருக்கு அப்போதே வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். அளவுப் புத்தகத்தில் அவர் எழுதுவதற்கு அதுதான் அடிப்படை. வெள்ளம் எந்த உயரம் ஏறியது என்பதற்குச் சுவரில் பெயின்ட்டால் ஒரு கோடும் தேதியும் போட்டு வையுங்கள். 2024 கோடு இன்னும் எங்காவது சுவரில் சேற்றுக் கறையாகத் தெரிகிறது என்றால் இன்றைக்கே அதன்மேல் பெயின்ட் அடியுங்கள். பின்னால் இதைப் பயன்படுத்தப்போகிறோம்.

ஏரிக்கரை விஷயத்தில் நீங்கள் அலைவதற்குக் காரணம், அது யார் ஏரி என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு, அதாவது நூறு ஏக்கருக்கு, மேலே இருந்தால் நீர்வளத் துறை. அதற்குக் கீழே இருந்தால் ஊராட்சி ஒன்றியம். குளம், குட்டை, ஊருணி உங்கள் ஊராட்சி. விஏஓவிடம் இருக்கிற கணக்கில் ஆயக்கட்டுப் பரப்பைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ரோடும் இதே மாதிரிதான்: சிலது ஊராட்சிச் சாலை, சிலது ஒன்றியச் சாலை, சிலது நெடுஞ்சாலைத் துறையின் இதர மாவட்டச் சாலை. தெருவிளக்கில் கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு உங்களுடையது. உங்கள் ஊரில் உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே “யாருடையது, யாரிடம் மனு கொடுக்க வேண்டும், அவர் போன் நம்பர்” என்று ஒரு தாள் தயார் செய்து ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டுங்கள். போன தடவை நீங்கள் இரண்டு ஆபீசுக்கும் கொடுத்த மனுக்களில் ஒன்று தவறான வாசலுக்குப் போயிருக்கிறது.

வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். 10,000 வந்தவர்களின் வீட்டை “குடிசை” என்றும், 4,000 வந்தவர்களுடையதை “பகுதி சேதமடைந்த கச்சா வீடு” (மண் சுவர் போன்ற உறுதியில்லாத வீடு) என்றும் எழுதியிருப்பார்கள். பகுதி சேதமடைந்த நல்ல வீடு என்றால் அப்போது 6,500. சமவெளியில் வீடு முழுசாகவே போய்விட்டது என்றால் அப்போதைய விதிப்படி 1,20,000. ஓலைக் குடிசைக்கும் மண் சுவர் வைத்து ஓடு போட்ட வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் கணக்கெடுப்பவரின் ஒரு சொல்லில் இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் விலை. கணக்கெடுப்பது விஏஓ, வருவாய்த் துறை. உங்களுக்கு அதில் அதிகாரம் இல்லை. ஆனால் வீடு அனுமதி பெற்ற கட்டுமானமா என்று விதி கேட்கும்போது, கையில் எடுத்துக் காட்டக்கூடிய முதல் காகிதம் உங்களிடம்தான் இருக்கிறது: வீட்டு வரிப் பதிவேடு. கூரை வகை, சுவர் வகை, கதவு எண் எல்லாம் அதில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பத்து வருடத்துக்கு முன் ஓலையாக இருந்து பிறகு ஓடு போட்டவர்களின் வீடு பதிவேட்டில் இன்னும் ஓலையாகவே கிடக்கும். வரி ஏறும் என்று மாற்ற விடமாட்டார்கள். 1,20,000 கணக்கைச் சொல்லிப் பாருங்கள், மாற்றிக்கொள்வார்கள். குடிசையை முழுசாக இழந்தவர்களுக்குக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் முன்னுரிமை என்று ஃபெஞ்சலின்போது அரசு அறிவித்தது. உங்கள் ஊரில் அந்தப் பெயர்கள் பயனாளிப் பட்டியலில் ஏறினவா என்று பிடிஓ ஆபீசில் கேட்டுப் பாருங்கள்.

இனி தணிக்கைத் தடை. பயப்படாதீர்கள். இதைவிடப் பெரிய தொகைக்குத் தடை எழுதி, நீங்கியதைப் பார்த்திருக்கிறேன். பேரிடர்க் காலச் செலவுக்குச் சட்டத்தில் கதவு இருக்கிறது, அந்தக் கதவுக்குச் சாவி ஆட்சியர் கையில். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 203ஆம் பிரிவின்படி அவசர நேரத்தில் ஒரு வேலையைச் செய்யச் சொல்லி ஆட்சியர் உத்தரவிடலாம். செலவை ஊராட்சி நிதியிலிருந்து கொடுக்கச் சொல்லலாம். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 50ஆம் பிரிவு, டெண்டர் இல்லாமல் அவசரக் கொள்முதலுக்கு மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அனுமதி தரலாம் என்கிறது. ஆணையத்தின் தலைவரும் ஆட்சியர்தான். நீங்கள் செய்ததில் குறை, செலவழித்தது அல்ல; யாருடைய உத்தரவில் செலவழித்தோம் என்று காகிதம் இல்லாமல் செலவழித்தது. அன்றைக்கு பிடிஓ போனில் “முதல்ல செய்யுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்” என்றிருப்பார். நூற்றுக்கு நூறு அப்படித்தான் சொல்லியிருப்பார். அந்தப் போன் பேச்சுக்கு அன்று மாலையே ஒரு வாட்ஸ்ஆப் செய்தி போட்டிருந்தால் போதும்: “ஐயா, தங்கள் தொலைபேசி உத்தரவின்படி இன்று ஜேசிபி 6 மணி நேரம் ஓட்டினோம்.” அடுத்த முறை இதை மறக்காதீர்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ஊராட்சி மன்றக் கூட்டத்தில் அந்தச் செலவுக்குப் பின்னேற்புத் தீர்மானம், அதாவது செய்து முடித்த செலவைப் பிறகு ஏற்றுக்கொள்ளும் தீர்மானம். அதோடு ஜேசிபி மணிக்கணக்குச் சீட்டு, டீசல் பில், சாப்பாடு போட்டவர்களின் பட்டியல், அன்றைய மழை, வெள்ள எச்சரிக்கைச் செய்திகளின் நகல் ஆகியவற்றை வைத்து பிடிஓ வழியாக உதவி இயக்குநருக்கு அனுப்பி, ஆட்சியரின் பின்னேற்பு கேளுங்கள். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை பெய்தது, டிசம்பர் 2ஆம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்தது எல்லாம் அரசுக் கணக்கில் இருக்கிற செய்திகள். அவசரம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. சாப்பாட்டுச் செலவில் மட்டும் கொஞ்சம் இழுபறி இருக்கும். முகாம் நடத்துவது வருவாய்த் துறையின் வேலை, நீங்கள் ஏன் போட்டீர்கள் என்று கேட்பார்கள். முகாமைத் தாசில்தார் திறந்து வைத்த பதிவு இருந்தால் அதையும் சேருங்கள்.

ஐப்பசிக்கு முன்னால் என்ன என்று கேட்டீர்கள். தேதி முக்கியம். பேரிடர் தீர்மானங்களை எல்லா ஊராட்சியும் அக்டோபர் 2 கிராம சபையில் படிக்கிறது. அப்போது மழை வாசலில் நிற்கும். நீங்கள் ஆகஸ்ட் 15 கிராம சபையிலேயே வைத்துவிடுங்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 32ஆம் பிரிவு உள்ளாட்சிகளும் பேரிடர்த் திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. 41ஆம் பிரிவு ஆட்களுக்குப் பயிற்சியும் பொருள் இருப்பும் உங்கள் பொறுப்பு என்கிறது. தடிமனான புத்தகம் தேவையில்லை. நாலு பக்கம் போதும்: தாழ்வான தெருக்கள், தனியாக இருக்கும் முதியவர்கள், மாற்றுத் திறனாளிகள், கர்ப்பிணிகள், எந்தக் கட்டடத்தில் தங்க வைப்பது, அதன் சாவி யாரிடம். சாவி யாரிடம் என்பதைச் சிரிக்காமல் எழுதுங்கள். நடுராத்திரியில் பள்ளிக்கூடச் சாவிக்காக ஒரு ஊரே நனைந்துகொண்டு நின்றதைப் பார்த்தவன் சொல்கிறேன்.

செப்டம்பர் மன்றக் கூட்டத்தில் வாடகை விலையைத் தீர்மானமாகப் போடுங்கள். ஜேசிபி மணிக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் நாளுக்கு எவ்வளவு, மணல் மூட்டை, சவுக்குக் கம்பு, மரம் அறுக்கிற மெஷின் என்று மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி முடிவு செய்யுங்கள். புயல் அன்றைக்கு ஜேசிபிக்காரர் சொல்வதுதான் விலை. செப்டம்பரில் நீங்கள் சொல்வதுதான் விலை. பொது நிதியில் இரண்டு மாதச் செலவுக்கான தொகையை டிசம்பர் முடியும்வரை தொடுவதில்லை என்றும் அதே கூட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சின்ன ஊராட்சிக்கு இது கஷ்டம், தெரியும். ஒரு மாதச் செலவாவது வையுங்கள்.

பம்பு ரூமுக்குத் தனிப் பணம் தேட வேண்டாம். நிதிக்குழு மானியத்தில் ஒரு பங்கைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதில் குடிநீர்ப் பங்கிலேயே இதைச் செய்யலாம். சுவரில் பெயின்ட் கோடு போடச் சொன்னேனே, அந்தக் கோட்டுக்கு இரண்டு அடி மேலே பேனல் போர்டையும் ஸ்டார்ட்டரையும் ஏற்றி மாட்டுங்கள். மோட்டார் ஆழ்துளைக்குள் தண்ணீரில்தானே கிடக்கிறது, அதற்கு வெள்ளம் புதிதில்லை. நீங்கள் “மோட்டார் வீணாகிவிட்டது” என்கிறீர்கள். எனக்கென்னவோ மூழ்கிய போர்டில் அவசரப்பட்டு சுவிட்ச் போட்டதில்தான் போயிருக்கும் என்று படுகிறது. ஆபரேட்டரைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள், திட்டாமல். இந்த வேலையைக் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஏற்றினால்தான் பில் போட முடியும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஏரிக்கரையும் தெற்குத் தெரு ரோட்டுக் கல்வெர்ட்டும் பெரிய வேலை. அவற்றைத் தணிப்பு நிதிக்குக் கொண்டுபோகப் பாருங்கள். ஊராட்சி நேராக விண்ணப்பிக்க முடியாது. மாவட்டம்தான் அனுப்ப வேண்டும். ஆனால் மாவட்ட ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. “நாளைக்குள் முன்மொழிவு அனுப்புக” என்று சென்னையிலிருந்து கடிதம் வரும். அன்றைக்கு யாருடைய ஃபைல் தயாராக மேசையில் இருக்கிறதோ அதுதான் போகும். சர்வே எண், புல வரைபடம், ஆக்கிரமிப்பு இல்லை என்ற சான்று, வெள்ளக் கோட்டுப் படங்கள், உதவிப் பொறியாளர் போட்ட எஸ்டிமேட் இவ்வளவையும் ஒரு ஃபைலாகக் கட்டி பிடிஓவிடம் ஒன்று, ஆட்சியர் அலுவலகப் பேரிடர்ப் பிரிவில் ஒன்று கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு உள்ளாட்சிகளையே பேரிடர்த் திட்டம் எழுத வைத்தார்கள். அப்படிப்பட்ட மாநிலத்துக்கே வயநாடு நிலச்சரிவு மறுகட்டமைப்புக்கு 529.50 கோடி வட்டியில்லாக் கடன் 2025 பிப்ரவரியில்தான் வந்தது, அதுவும் மார்ச் 31க்குள் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. பணம் வந்த பிறகு எஸ்டிமேட் போட உட்காருகிறவர்களுக்கு நேரம் தரமாட்டார்கள்.

உங்கள் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. அடுத்த தேர்தல் தள்ளிப்போனால் அந்த மழைக்கு உங்கள் ஊரில் தனி அலுவலர்தான் இருப்பார்; கையில் பல ஊராட்சிகளை வைத்திருக்கிறவர், உங்கள் ஏரி எது என்றே தெரியாதவர். அவருக்காகவும் சேர்த்துத்தான் அந்தப் படங்களையும் ஃபைலையும் தயார் செய்யச் சொல்கிறேன்.

தணிக்கைத் தடைக் கடிதத்தின் நகலைப் பத்தி எண்ணோடு அனுப்புங்கள், பதில் வரைவு எழுதித் தருகிறேன். அதற்கு முன்னால் அந்த ஜேசிபி டிரைவரிடம் மணிக்கணக்குச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். வண்டி ஓனர் வீட்டு டைரியிலாவது எழுதி வைத்திருப்பார்.